கூரைத் தகடும் கூட்டுறவுக் கடனும்

நமது கிராமக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு வரும் கடன் மனுக்களில், "வீட்டுக் கூரை மாற்றுவதற்கு" என்று காரணம் காட்டுபவை வருஷந்தோறும் சில இருந்தே வருகின்றன. கீற்றையோ ஓலையையோ இறக்கிவிட்டு இரும்புத் தகடு போட வேண்டும் என்பதே அவற்றில் பெரும்பாலானவற்றின் கருத்து. நிர்வாகக் கமிட்டியார் இம்மனுக்களைப் பரிசீலிக்கும்போது, மனுதாரருடைய நிலம் எவ்வளவு, ஜாமீன் யார், பழைய பாக்கி உண்டா என்பனவற்றையெல்லாம் துருவித் துருவி விசாரிக்கிறார்கள். ஆனால் வாங்கப்போகும் தகடு எத்தகையது என்று விசாரிப்பவர் மிகச் சிலரே.

இது சிறிய விஷயமன்று. கடனுக்கு ஐந்து வருஷத் தவணை என்று வைத்துக்கொள்வோம். தகடு மூன்றாவது வருஷத்திலேயே துருப்பிடித்துத் துளைபட்டுப் போகுமானால், மிகுதியுள்ள இரண்டு வருஷமும் அந்த அங்கத்தினர் ஒழுகுகிற கூரையின் கீழ் இருந்துகொண்டு அந்தக் கூரைக்கே தவணை செலுத்திவர வேண்டும். அவர் தவணை தவறினால் நஷ்டம் சங்கத்துக்கும் உண்டு. ஆகையால் தகட்டுக் கூரை நீடித்த காலத்துக்கு லாபமா என்ற கேள்விக்கு, "ஆம்" என்றோ "இல்லை" என்றோ ஒரே சொல்லில் விடை கூற இயலாது. எந்தத் தகடு, எந்த ஊரில், எவ்வாறு பொருத்தப்பட்டது என்பதைப் பொறுத்தே விடை அமையும்.

முதலில் கீற்றுக் கூரைக்குரிய நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். அது குளிர்ச்சியானது, சித்திரை வெயிலில் அதற்கு நிகரான கூரை வேறில்லை. சொந்தத் தோப்பு இருந்து, அக்கம்பக்கத்தார் ஒருவருக்கொருவர் கைமாற்றாக வேலை செய்துகொண்ட காலத்தில் அதற்குப் பணச் செலவும் அதிகமில்லை. இப்பொழுது நிலைமை அவ்வாறில்லை. கீற்றையும் விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. கூரை வேயத் தெரிந்த ஆட்களும் குறைந்து வருகிறார்கள். தென்னங்கீற்று ஒரு வருஷம், மிஞ்சினால் இரண்டு வருஷம் தாங்கும். பனையோலையை நெருக்கமாக வேய்ந்தால் மூன்று வருஷம் வரையில் வரும். இடையில் எலியும் கறையானும் செய்யும் சேதம் வேறு. இவற்றையெல்லாம்விடப் பெரியது நெருப்புப் பயம். 2004-ஆம் வருஷம் ஜூலை மாதம் 16-ந் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் சமையற்கூடத்தில் பிடித்த தீ, கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளின் உயிரைக் கொள்ளை கொண்டது. அதன் பின்னரே பள்ளிக்கூடங்களில் கீற்றுக் கூரைகளை அகற்றும்படி அரசாங்கம் உத்தரவிட்டது. வீடுகளுக்கு அவ்வாறு உத்தரவிடுவார் யாருமில்லை. நெருக்கமான தெருவில் ஒரு குடிசையில் பற்றிய தீ பத்துக் குடிசைகளை எடுத்துக்கொள்வது எல்லோரும் அறிந்ததே.

செலவுக் கணக்கு

400 சதுர அடி, அதாவது நான்கு சதுரம் கூரையுள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கீழே காட்டும் தொகைகள் கணக்குப் போடும் முறையை விளக்குவதற்காக மட்டும் வைத்துக்கொண்டவை. அங்கத்தினர்கள் தங்கள் ஊர் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கீற்று மாற்ற ஒரு தடவைக்கு ரூ. 16,000 ஆகிறது, இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்று வைத்தால், வருஷத்துக்கு ரூ. 8,000 விழுகிறது. நல்ல தகடும் அதைத் தாங்கும் சட்டங்களும் கூலியும் சேர்ந்து ரூ. 80,000 ஆகிறதென்றும், அதனை நூற்றுக்குப் பத்து வட்டியில் ஐந்து சமபாகங்களாகத் திருப்பிச் செலுத்துவதென்றும் வைத்துக்கொண்டால், வட்டி மட்டும் ரூ. 24,000. ஆக மொத்தம் ரூ. 1,04,000. இக்கூரை 20 வருஷம் நின்றால் வருஷத்துக்கு ரூ. 5,200. வாஷர் மாற்றுதல், வர்ணம் பூசுதல் ஆகியவற்றுக்கு வருஷத்துக்கு ரூ. 1,000 கூட்டினாலும் ரூ. 6,200 தான். கீற்றைவிட வருஷந்தோறும் ரூ. 1,800 மிச்சம்.

இனி, "இதே பச்சை வர்ணம், இதே நீளம், விலை மட்டும் குறைவு" என்று கடைக்காரர் காட்டும் மெல்லிய தகட்டைப் பார்ப்போம். எல்லாம் சேர்ந்து ரூ. 60,000, வட்டி ரூ. 18,000, மொத்தம் ரூ. 78,000. அது பத்து வருஷமே நின்றால், பராமரிப்பும் சேர்த்து வருஷத்துக்கு ரூ. 8,800 ஆகிறது. கீற்றே மேல்! சட்டங்கள் மறு தடவைக்கு உதவும் என்று சொல்லலாம், அது உண்மையே. எனினும் வாங்கும்போது மிச்சப்படுத்தியதாக நினைத்த ரூ. 20,000 எங்கே போயிற்று என்பதை இக்கணக்குக் காட்டிவிடுகிறது. மூன்றாவதாக, முதலிற் சொன்ன நல்ல தகட்டையே கடற்கரையை ஒட்டிய ஊரில் போட்டு, அது ஆறு வருஷத்தில் வீணாகிவிட்டால், வருஷச் செலவு ரூ. 18,000-த்துக்கு மேற்பட்டுவிடும். ஆகவே, தகட்டின் விலையைக் காட்டிலும் தகட்டின் ஆயுளே கணக்கை நிர்ணயிக்கிறது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இருபது வருஷத்தில் வரும் லாபம் முதல் ஐந்து வருஷத்தில் கண்ணுக்குத் தென்படாது. மேற்படி கடனில் முதல் வருஷத் தவணை அசலும் வட்டியுமாக ரூ. 24,000. கீற்றுக்கு வருஷத்துக்கு எட்டாயிரம் செலவிட்டு வந்தவர், மழை பொய்த்த வருஷத்தில் இத்தொகைக்கு என்ன செய்வார் என்பதை அவரும் கமிட்டியாரும் முன்னதாகவே யோசித்துக்கொள்வது நலம். அத்தகையவருக்கு நான் கூறும் யோசனை, வீடு முழுவதையும் ஒரே தடவையில் மாற்றாமல் அடுப்படிக்கு மேலுள்ள பகுதியை முதலில் மாற்றிக்கொள்ளலாம் என்பதே. கடன் பாதிக்கும் குறைவாகும்; நெருப்புப் பயமோ பெரும்பாலும் நீங்கிவிடும்.

தகட்டைக் காப்பது துத்தநாகம்

நாம் தகரம் என்று சொல்லும் இப்பொருளில் உண்மையில் தகரம் சிறிதும் இல்லை. அது மெல்லிய எஃகுத் தகடு. இரண்டு பக்கமும் துத்தநாகம் பூசப்பட்டது. தகட்டை அலையலையாக மடிக்கும் முறைக்கு லண்டன் துறைமுக இஞ்சினீயராக இருந்த ஹென்றி பாமர் என்பவர் 1829-இல் உரிமை பெற்றார். தட்டையான காகிதம் கையில் நில்லாமல் தொங்கும். அதையே மடிப்பு மடிப்பாக மடித்தால் நிமிர்ந்து நிற்கும். அலைத் தகட்டின் பலத்துக்குக் காரணமும் அதுவே. ஆனால் வெறும் இரும்பு மழைக்கு நிற்பதில்லை. உருக்கிய துத்தநாகத்தில் இரும்பைத் தோய்த்தெடுக்கும் முறைக்கு 1837-இல் பிரான்ஸ் தேசத்தில் ஸொரெல் என்பவர் உரிமை பெற்ற பிறகே தகட்டுக் கூரை உலகமெங்கும் பரவலாயிற்று.

துத்தநாகம் இரும்பை இரண்டு விதமாகக் காக்கிறது. முதலாவது, காற்றும் நீரும் இரும்பைத் தொடாதபடி போர்வையாக நிற்கிறது. இரண்டாவது, எங்கேனும் கீறல் விழுந்து இரும்பு வெளியே தெரிந்தாலும், பக்கத்திலுள்ள துத்தநாகம் தான் அரிக்கப்பட்டு இரும்பை அரிக்கவிடாமல் தடுக்கிறது. ஆகவே துத்தநாகம் உள்ளவரையில்தான் தகட்டுக்கு ஆயுள். அது தீர்ந்தபின் செந்துரு தோன்றும். அதற்கப்புறம் தகட்டின் கனத்தைப் பொறுத்து இன்னும் சில வருஷங்களே.

இப்பூச்சு எவ்வளவு இருக்கிறது என்பதை ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று இரண்டு பக்கமும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். 275 கிராம் பூச்சு என்றால் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 19 மைக்ரான் கனம். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 120 கிராம் பூச்சு என்றால் 8 மைக்ரான் மட்டுமே. இரண்டு தகடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே பளபளக்கும்! ஏமாற்றம் நிகழ்வது இவ்விடத்தில்தான்.

துத்தநாகம் எவ்வளவு வேகமாகக் கரையும் என்பது காற்றைப் பொறுத்தது. சர்வதேச தர நிர்ணயத்தின்படி, மாசு குறைந்த உள்நாட்டுக் காற்றில் வருஷத்துக்கு ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு முதல் ஏழு பங்கு வரையிலும், நடுத்தரமான காற்றில் இரண்டு மைக்ரான் வரையிலும், உப்புத் திவலை மிகுந்த கடற்காற்றில் நான்கு முதல் எட்டு மைக்ரான் வரையிலும் அது தேய்கிறது. இதைக்கொண்டு அங்கத்தினர்கள் தாங்களே கணக்குப் பார்க்கலாம். தர்மபுரி, சேலம் போன்ற உள்நாட்டு ஜில்லாக்களில், தேய்மானத்தை வருஷத்துக்கு ஒரு மைக்ரான் என்று வைத்தாலும், 275 கிராம் பூச்சு 19 வருஷம் நிற்கும். 120 கிராம் பூச்சு எட்டு வருஷத்தில் தீரும். வேதாரண்யம், இராமேசுவரம் போன்ற இடங்களில் கடலை அடுத்துள்ள வீட்டில் முன்னது இரண்டரை முதல் நாலரை வருஷத்துக்குள்ளும், பின்னது ஒன்று அல்லது இரண்டே வருஷத்திலும் தீர்ந்துபோகும். காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தார் கடற்காற்று உலோகங்களை அரிக்கும் விதத்தைச் சோதிப்பதற்கு மண்டபத்தைத் தேர்ந்தெடுத்ததும் அங்குள்ள காற்றின் கடுமையை உத்தேசித்தே.

கடலோர ஊர்களில் வசிப்போர் மனம் தளர வேண்டியதில்லை. அலுமினியமும் துத்தநாகமும் கலந்து பூசிய தகடுகள் 1972 முதல் வியாபாரத்துக்கு வந்திருக்கின்றன. இப்பூச்சில் அலுமினியம் நூற்றுக்கு 55 பங்கு. சாதாரணத் துத்தநாகப் பூச்சைவிட இது இரண்டு முதல் நான்கு மடங்கு காலம் உழைக்கும். அதன்மேல் ஆலையிலேயே வர்ணம் ஏற்றிய தகடு இன்னும் மேலானது. முழுவதும் அலுமினியத்தாலான தகடும் உண்டு. அது செந்துருப் பிடிப்பதேயில்லை. ஆனால் மெதுவானது, ஏறி மிதித்தால் நசுங்கும். விலையும் கூடுதல். அடிக்கும் அலையின் திவலை நேராக வந்து விழும் இடத்தில் குடியிருப்போருக்கு, கடன் வாங்கிச் சாதாரணத் தகடு போடுவதைவிட ஓடு போடுவதே மேல் என்பது என் அபிப்பிராயம்.

கடற்காற்றைத் தவிர, நாமாகவே வருவித்துக்கொள்ளும் அரிமானங்களும் சில உண்டு. மாட்டுத் தொழுவத்திலிருந்து எழும் நவச்சார ஆவி தகட்டின் அடிப்பக்கத்தைத் தின்கிறது; உர மூட்டைகளைத் தகட்டுக் கூரையின் கீழ் அடுக்கி வைப்பதும் அவ்வாறே. புளியமரத்தடி வீடுகளில் சருகு தகட்டின் பள்ளத்தில் தங்கி, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு அவ்விடத்தையே ஓட்டையாக்கும். ஈரச் சுண்ணாம்புச் சாந்தும் சிமெண்டும் துத்தநாகத்துக்கு ஆகா. சுவரோடு தகடு சேரும் இடத்தில் கொத்தனார் சாந்தை அப்பிவிட்டுப் போவதை அனுமதிக்கக் கூடாது. குளிர்ச்சிக்காகத் தகட்டின்மேல் கீற்றைப் பரப்பி வைக்கும் வழக்கம் பல ஊர்களில் காணப்படுகிறது. இது இரண்டு செலவையும் செய்து, இரண்டின் பயனையும் இழப்பதாகும். நனைந்த கீற்று தகட்டை அரிக்கும். உலர்ந்த கீற்று முன்போலவே தீப்பற்றும்.

தராசு சொல்லும் உண்மை

தகட்டின் அடிப்பக்கத்தில் தயாரித்த ஆலையின் பெயர், கனம், பூச்சின் அளவு, ஐ.எஸ்.ஐ. முத்திரை ஆகியவை வரிசையாக அச்சிடப்பட்டிருக்க வேண்டும். துத்தநாகம் பூசிய தகட்டுக்கு இந்தியத் தர நிர்ணயத்தின் எண் 277. அச்சு இல்லாத தகட்டை, எவ்வளவு மலிவாயினும், சங்கக் கடனில் வாங்கலாகாது. கனத்தைக் கூறும்போது பூச்சும் வர்ணமும் சேர்த்துச் சொல்கிறார்களா, அடியிலுள்ள எஃகை மட்டும் சொல்கிறார்களா என்பதையும் கேட்டு ரசீதில் எழுதி வாங்க வேண்டும்.

அச்சையும் நம்பாதவர்களுக்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. தகட்டை நிறுத்துப் பார்க்கலாம். அலை மடிப்பதற்கு முன் நான்கடி அகலமாக இருந்த பத்தடித் தகடு, அரை மில்லிமீட்டர் கனமுள்ளதாயின் ஏறக்குறைய பதினாலரைக் கிலோ இருக்கும். அதே தகடு பத்துக் கிலோவே இருந்தால், அதன் கனம் மில்லிமீட்டரில் நூற்றுக்கு முப்பத்தைந்து பங்குதான். மடித்தபின் அகலம் குறைந்து காணும், எடை குறையாது. மடிப்பதற்கு முன்னிருந்த அகலத்தை அறிய, ஒரு நூலை அலைகளின் மேடு பள்ளங்களோடு ஒட்டிப் பிடித்து அளந்தால் போதும். சங்கங்கள் பலவற்றில் உர மூட்டைக்கும் தானியத்துக்கும் தராசு இருக்கிறது. அதில் ஒரு கட்டிலிருந்து ஒரு தகட்டை வைத்துப் பார்க்க ஐந்து நிமிஷம் ஆகாது. கணக்குச் சோதனைக்காக நான் சென்றிருந்த ஒரு கிராமத்தில், வண்டியிலிருந்து இறங்கிய தகடுகளைச் சங்கச் செயலாளர் இவ்விதம் நிறுத்துப் பார்த்து, எடை குறைந்ததால் அத்தனையையும் அதே வண்டியில் திருப்பியனுப்பிவிட்டார். வியாபாரி மறுபேச்சின்றிச் சரியான தகட்டை அனுப்பினார். பூச்சின் அளவைத் தராசு காட்டாது. அதற்கு அச்சும் ரசீதுமே ஆதாரம்.

காற்று

2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி அதிகாலையில் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறிய கஜாப் புயலை நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை ஜில்லாக்களில் உள்ளோர் மறந்திருக்க மாட்டார்கள். கீற்றும் போயிற்று, ஓடும் போயிற்று, தகடும் பறந்தது. பறந்த கீற்றினால் பெரிய சேதமில்லை. பறந்த தகடு கத்திக்கு ஒப்பாகும்.

மணிக்கு 120 கிலோமீட்டர் வேகமுள்ள காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்கு உத்தேசமாக 68 கிலோ; நமது அளவில் சொன்னால், ஒரு சதுரத்துக்கு 600 கிலோவுக்கு மேல். கூரையின்மேல் ஏறிச் செல்லும் காற்று தகட்டைக் கீழே அமுக்குவதாகப் பலர் எண்ணுகிறார்கள். அதற்கு மாறாக, சரிவு குறைந்த கூரைகளில் அது தகட்டை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. முகட்டிலும் இறவாரத்திலும் இவ்வுறிஞ்சல் அதிகம். ஒரு சதுரம் தகட்டின் எடையோ நாற்பது, ஐம்பது கிலோதான். இதன்மேல் நாலு கல்லையும் பழைய டயரையும் தூக்கி வைப்பதனால் என்ன ஆகும்? காற்று தகட்டோடு அவற்றையும் எடுத்துச் செல்லும்.

ஆகவே கூரையின் உறுதி பிணைப்பில்தான் இருக்கிறது. தகடு ரீப்பரோடும், ரீப்பர் கைமரத்தோடும், கைமரம் சுவர்மேலுள்ள விட்டத்தோடும், விட்டம் சுவருக்குள்ளோ தூணுக்குள்ளோ இறங்கிய இரும்புப் பட்டையோடும் பிணைந்திருக்க வேண்டும். இச்சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் மற்றவற்றால் பயனில்லை. தகட்டைத் திருகாணியால் இறுக்கிவிட்டு, கைமரத்தைச் சுவர்மேல் சும்மா சாய்த்து வைத்திருக்கும் வீடுகளே அதிகம். அவற்றில் கூரை முழுவதும் ஒரே துண்டாக எழும்பிப் போகும்.

சாதாரண ஆணியை விட்டுக் கொக்கி ஆணியோ வாஷருடன் கூடிய திருகாணியோ உபயோகிக்க வேண்டும். அலைத் தகட்டில் துளை அலையின் மேட்டில் இருக்க வேண்டுமேயன்றிப் பள்ளத்தில் இருக்கலாகாது. பள்ளத்தில்தான் தண்ணீர் ஓடுகிறது. இறவாரத்திலும் முகட்டிலும் ஓரங்களிலும் மற்ற இடங்களைப்போல் இரண்டு பங்கு நெருக்கமாகத் திருகாணி போடுவது நல்லது. மேல் தகடு கீழ்த் தகட்டின்மேல் ஆறு அங்குலமாவது ஏறியிருக்க வேண்டும். பக்கவாட்டில் ஒன்றரை அலையாவது மூட வேண்டும். வாஷரை நசுங்கும்படி இறுக்குவதும் தவறு. இருபதடித் தகடு விடியற்காலைக்கும் நடுப்பகலுக்கும் இடையே ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் நீண்டு சுருங்குகிறது. அதற்கு இடங்கொடுக்கும் ரப்பர் வாஷர் இல்லாவிட்டால் துளை நாளடைவில் பெரிதாகி ஒழுகும். ரப்பர் வெயிலில் வெடித்துப்போகும் பொருள். ஐந்தாறு வருஷத்துக்கு ஒரு முறை பார்த்து மாற்ற வேண்டும். இறவாரத்தை ஒன்றரை அடிக்குமேல் வெளியே நீட்டாமலும், கூடுமானால் கூரையை நான்கு பக்கமும் சரிவாகவும் அமைத்தால் காற்றுக்குப் பிடி குறையும்.

வெயிலும் பனியும்

தகட்டுக் கூரைக்கு எதிராகச் சொல்லப்படும் குறைகளில் மிகவும் நியாயமானது உஷ்ணமே. கோடையில் கையை வைக்க முடியாதபடி தகடு காய்கிறது. அவ்வெப்பம் கீழே இருப்பவர் தலையில் இறங்குகிறது. பகலில் வயலுக்குச் சென்றுவிடுகிற ஆண்மக்களைவிட, வீட்டிலிருக்கும் பெண்டிரும் குழந்தைகளும் வயது முதிர்ந்தோருமே இதனால் துன்பப்படுவோர். கடன் மனுவில் கையெழுத்திடுகிறவர் இதை நினைவில் வைக்க வேண்டும். பரிகாரங்கள் அரியவையல்ல. வெள்ளை அல்லது வெளிறிய வர்ணமுள்ள தகட்டை வாங்கினால் வெயிலின் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். கரும்பச்சையும் செங்காவியும் பார்வைக்கு அழகாயிருப்பினும் வெப்பத்தை வாங்கிக்கொள்பவை. தகட்டுக்குக் கீழே அரை அடி, முக்கால் அடி இடைவெளி விட்டு மூங்கில் தட்டியைப் பரப்பி, அவ்விடைவெளியிலுள்ள சூடான காற்று முகட்டு வழியாக வெளியேறும்படி வைத்தால் அறை வெகுவாகக் குளிரும். அடுப்பின்மேல் மட்டும் தட்டி வேண்டாம். சுவரை இரண்டடி உயர்த்திக் கட்டுவதும் நன்று.

முகட்டில் விடும் இவ்வழியினால் இன்னொரு பயனும் உண்டு. மார்கழி, தை மாத இரவுகளில் தகடு விரைவிலே குளிர்ந்து, வீட்டுக்குள்ளிருக்கும் ஈரம் அதன் அடிப்பக்கத்தில் முத்து முத்தாகப் படிந்து விடியற்காலையில் சொட்டும். கூரை ஒழுகுகிறதென்று எண்ணிச் சிலர் தாரை வாங்கிப் பூசுகிறார்கள். காற்று போக்குவரத்து இருந்தால் சொட்டு நின்றுவிடும். பலத்த மழையில் எழும் சத்தத்துக்கு மட்டும் முழுப் பரிகாரம் கிடையாது. தட்டி சிறிது குறைக்கும், மீதி பழகிப்போகும்.

அம்மழையே ஒரு வரவுமாகும். தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதல் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. நான்கு சதுரக் கூரையில், வருஷத்துக்கு 900 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில், சிந்துவது சிதறுவது போகச் சுமார் 26,000 லிட்டர் தண்ணீர் விழுகிறது. கீற்றிலிருந்து வடியும் நீர் பழுப்பாகவும் நாற்றமாகவும் இருக்கும். தகட்டிலிருந்து வருவது, முதல் மழையைக் கழித்துவிட்டால், தெளிவாயிருக்கும்.

மின்சாரம்

இடி தகட்டுக் கூரையைத் தேடி வரும் என்று அஞ்சுவோர் உண்டு. இடி விழுவதை நிர்ணயிப்பது உயரமும் இடமும். கூரை எதனாலானது என்பதன்று. இதனினும் பெரிய அபாயம் வீட்டுக்கு வரும் மின்சாரக் கம்பியில் இருக்கிறது. கம்பி தகட்டின் ஓரத்தில் உராய்ந்து மேலுறை தேய்ந்தால் கூரை முழுவதிலும் மின்சாரம் பாயும். ஈரக் கையுடன் இறவாரத்தைத் தொட்டவர் பிழைப்பது அரிது. ஆகையால் கம்பி தகட்டைத் தொடாமல் தனிக் குழாயின் வழியாக வீட்டினுள் இறங்க வேண்டும். உரிமம் பெற்ற மின்பணியாளரைக்கொண்டு தகட்டையும் இரும்புச் சட்டங்களையும் நிலத்தோடு இணைத்து, மின்கசிவு ஏற்பட்டவுடன் மின்சாரத்தை அறுத்துவிடும் சாதனத்தையும் பொருத்திக்கொள்வது அவசியம். துணி உலர்த்தும் கம்பியைத் தகட்டுச் சட்டத்தில் கட்டும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். இச்செலவையும் கடன் மதிப்பீட்டிலேயே சேர்த்துக்கொள்ளலாம்.

மற்றக் கூரைகளைப்பற்றி இரண்டொரு வார்த்தை. மங்களூர் ஓடு நன்கு பராமரித்தால் ஒரு தலைமுறைக்கு மேலும் நிற்கும். உடைந்ததை மட்டும் மாற்றலாம். ஆனால் அதன் பாரம் தகட்டைப்போல் ஏழெட்டு மடங்கு இருப்பதால் சட்டங்களும் சுவரும் பலமாயிருக்க வேண்டும். கல்நார் கலந்த சிமெண்டுத் தகடு துருப்பிடிக்காது, விலையும் குறைவு. எனினும் அதை அறுக்கும்போதும் உடைக்கும்போதும் எழும் தூசு நுரையீரலிற் புகுந்து புற்றுநோய்க்குக் காரணமாகும் என்பது ஐயமின்றி நிச்சயிக்கப்பட்டிருக்கிறது. அக்கூரை ஏற்கெனவே உள்ளவர்கள் அதைத் துளையிடாமலும் சுரண்டாமலும் விட்டுவைப்பது நல்லது. கான்கிரீட் வீட்டுக்கு அரசாங்க உதவி கிடைக்கக்கூடிய நிலையிலுள்ளவர்கள் அவ்வுதவியை விசாரித்துக்கொண்ட பின்னரே தகட்டுக்குக் கடன் கேட்க வேண்டும்.

இரும்புத் தகட்டுக்கே உரிய சாதகம் ஒன்று, கழற்றினாலும் அது வீணாவதில்லை என்பது. பின்னால் மாடி கட்டும்போது திருகாணியைக் கழற்றித் தகட்டை விற்கலாம், வைக்கோற்போருக்குக் கொட்டகையாக்கலாம், துருப்பிடித்ததுகூட எடைக்கு விலை போகும். பழைய கீற்று அடுப்புக்கு மட்டுமே ஆகும்.

சங்கத்தார் செய்யக்கூடியது

ஒரே கிராமத்தில் எட்டுப்பத்து அங்கத்தினர்கள் கூரை மாற்ற விரும்பினால், ஒவ்வொருவரும் தனித்தனியே நகரத்துக்கு ஓடுவதைவிட, சங்கத்தின் மூலம் சேர்ந்து வாங்குவது உத்தமம். வியாபாரி மொத்தக் கிரயத்துக்கு இறங்கி வருவார். வண்டி வாடகை பங்காகும். பூச்சின் அளவை ரசீதில் எழுதித் தரும்படி கேட்க ஒருவருக்கு இல்லாத பலம் பத்துப் பேருக்கு உண்டு. தகட்டின் நீளத்தைக் கூரைச் சரிவுக்குத் தக்கபடி முன்கூட்டியே அளந்து சொல்லிவிட்டால், வெட்டவும் ஒட்டவும் வேண்டியதில்லை. கடன் தொகையை அங்கத்தினர் கையில் முழுவதும் கொடுக்காமல், சரக்கை நிறுத்துப் பார்த்து ரசீதைச் சரிபார்த்த பிறகு வியாபாரிக்கு நேரே செலுத்துவது இருவருக்கும் க்ஷேமம். தவணைக் காலம் எதுவாயினும், அது அவ்வூர்க் காற்றில் அத்தகட்டின் பூச்சு நிற்கக்கூடிய வருஷங்களில் பாதிக்கு மேற்படாதிருக்குமாறு கமிட்டியார் பார்த்துக்கொள்ள வேண்டும். கடலோரச் சங்கங்களில் இவ்விதிக்குப் பொருந்தாத மனுவை, மேலான தகட்டுக்கு மாற்றிக் கொண்டுவரும்படி திருப்பி அனுப்புவதே மனுதாரருக்குச் செய்யும் உதவி.

அறுவடைப் பணம் கையிலிருக்கும் தை, மாசியில் மனுவைக் கொடுத்தால் பங்குனிக்குள் தகடு வந்து சேரும். இறக்கிய தகடுகளை ஈரத்தோடு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைக்கக் கூடாது. இடையில் நீர் தங்கினால் சில நாட்களிலேயே வெண்ணிறமாகப் பூத்துத் துத்தநாகம் வீணாகும். ஒரு முனை சற்று உயர்ந்திருக்கும்படி, காற்றோட்டமாக, கூரையுள்ள இடத்தில் வைத்து, சித்திரை வைகாசிக்குள் வேலையை முடித்துவிட வேண்டும். ஆடிக் காற்றில் தகட்டை மேலே ஏற்ற முயல்வது ஆட்களின் உயிருக்கு ஆபத்து. முதல் மழைக்குப் பின் திருகாணிகளை ஒரு தடவை சரிபார்த்து, தளர்ந்தவற்றை இறுக்கிக்கொண்டால் ஐப்பசி வரையில் வேறு வேலையில்லை.